உயரப்படத்தில் ஜலத்துக்கும் நிலத்துக்கும் வெவ்வேறு நிறம் தீட்டும் முறை
(ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து ஏரிகளை முன்னிட்டு)

கிருஷ்ணகிரி ஜில்லாவின் மேற்கெல்லையில், கர்நாடக நாட்டை ஒட்டிக் கிடக்கும் ஓசூர் மேட்டுநிலம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 880 மீட்டர் உயரமுள்ளது. அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் இறங்கி வந்தால் கிருஷ்ணகிரிப் பட்டணம் ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நந்தி மலைப் பக்கத்தில் பிறக்கும் தென்பெண்ணையாறு பாகலூருக்குச் சமீபத்தில் தமிழ்நாட்டிற் புகுந்து, கெலவரப்பள்ளி அணையில் தங்கி, பின்பு மேற்சொன்ன இறக்கத்தைக் கடந்து கிருஷ்ணகிரி அணையை அடைகிறது. இவ்விரண்டு அணைகளும் நீங்கலாக, சிறிதும் பெரிதுமான ஏரிகளும் குட்டைகளும் இப்பிரதேசம் எங்கும் சங்கிலிபோல் ஒன்றன்கீழ் ஒன்றாய்க் கிடக்கின்றன. ராகியும் நெல்லும், மாந்தோப்பும், தக்காளியும், ரோஜாவும் இவற்றை நம்பியே நிற்கின்றன. தொழிற்சாலைகளும் மனைப் பிரிவுகளும் பெருகிவரும் இவ்வெல்லைப் பகுதியில் ஏரியின் இடம் எது, மேட்டின் இடம் எது என்பதைப் படத்தில் பிசகில்லாமல் காட்டவேண்டிய அவசியம் முன்னைவிட அதிகமாயிருக்கிறது.

இப்பொழுது இலாகா ஊழியர்களும், ஏரிப் பாசன சங்கத்தாரும், படித்த குடியானவர்களும் கம்ப்யூட்டரில் வரைந்த உயரப்படங்களை உபயோகிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இவை இனாமாகவே கிடைக்கின்றன. ஆனால் கிடைத்த மாத்திரத்தில் நிறந்தீட்டி அச்சிட்ட படத்தில், நிரம்பிய ஏரி கட்டாந்தரையைப்போல் பழுப்பாயும், கிருஷ்ணகிரி அணையின் ஜலப்பரப்பு புல்வெளியைப்போல் பச்சையாயும் தோன்றுவதைப் பார்த்துப் பலர் மயங்குகிறார்கள். இம்மயக்கத்தின் காரணத்தையும், அதை நீக்கும் வழியையும் இங்கே விவரிக்கலாகும்.

உயரப்படம் யாது?

நிலத்தைச் சதுரங்கப் பலகைபோல் சமக்கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் உயரத்தை ஓர் எண்ணாகக் குறித்து வைத்ததே டிஜிட்டல் உயரப்படம். அதில் சித்திரம் ஒன்றும் இல்லை. எண்கள் மட்டுமே உண்டு. நிறம் என்பது பின்னால் மனிதன் கொடுப்பது. இதை முதலில் மனத்திற் கொள்ளவேண்டும்.

உலகப் பெரும்பகுதிக்கும் இவ்வகை எண்களை முதன்முதலாக ஒரே சீராய்த் திரட்டியது 2000ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் அமெரிக்க விண்கலமான எண்டெவர் செய்த பிரயாணமாகும். அக்கலம் 60 மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பத்தை நீட்டி, அதன் இரு முனைகளிலும் ரேடார் அலைகளை வாங்கி, 11 நாட்களில் இவ்வேலையை முடித்தது. ஆரம்பத்தில் நம் நாடு முதலியவற்றுக்கு 90 மீட்டர் கட்டமே வெளியிடப்பட்டது. பின்னர் 30 மீட்டர் கட்டமும் கிடைத்தது. நமது நாட்டார் 2005ஆம் வருஷம் மே மாதம் 5ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய கார்ட்டோசாட்-1 என்னும் செயற்கைக் கோள், முன்னோக்கிய காமிரா ஒன்றும் பின்னோக்கிய காமிரா ஒன்றுமாக ஒரே இடத்தை இரண்டு கோணங்களிற் பிடித்து, அவ்விரண்டின் வேற்றுமையைக்கொண்டு உயரங் கணித்தது. இதன் 30 மீட்டர் கட்டத்தைப் புவன் என்னும் தளத்தில் எவரும் பெறலாம்.

கட்டத்தின் அளவைக் குடியானவர் கணக்கிற் சொன்னால் விளங்கும். 90 மீட்டர் கட்டம் ஒன்று சரியாக 2 ஏக்கர். 30 மீட்டர் கட்டம் ஒன்று சுமார் 22 சென்ட். ஆகவே 10 ஏக்கர் பரப்புள்ள ஏரி ஒன்று முந்தினதில் 5 கட்டங்களிலும், பிந்தினதில் 45 கட்டங்களிலும் அடங்கும். ஏரிக்கரையோ 10 மீட்டர் அகலங்கூட இல்லாதது. அது பக்கத்துத் தரையோடு சேர்ந்து சராசரியாகி மறைந்துபோகும். அன்றியும், இவ்வெண்கள் பெரும்பாலும் மரத்தலையின் உயரத்தையும் சேர்த்தே காட்டுவன. கரைக்குக் கீழே அடர்ந்த தென்னந்தோப்பு இருக்குமானால், ஆயக்கட்டு நிலம் ஏரியைவிட மேடென்று படம் சொல்லும்! இப்படத்தை நம்பி மதகின் மட்டத்தையோ வாய்க்காலின் வாட்டத்தையோ தீர்மானிப்பது கூடாது. அதற்கு மட்டக்கண்ணாடியும் அளவுகோலுமே வேண்டும்.

உயரத்தை மட்டும் பார்த்து நிறந்தீட்டுவதால் வரும் கேடு

தாழ்ந்த நிலத்துக்குப் பச்சை, அதற்குமேல் மஞ்சள், அதற்குமேல் பழுப்பு, உச்சிக்கு வெள்ளை என்று படிப்படியாய் நிறங் கொடுக்கும் வழக்கம் பழையது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்காட்லாந்து தேசத்துப் பார்த்தலோமியு கம்பெனியார் இதைப் பெரிதும் பரவச் செய்தனர். பள்ளிக்கூடத்துச் சுவர்ப் படங்களெல்லாம் இவ்வகையே. இப்படங்களிற் கடலுக்கு நீலம். கடல் எங்கும் 0 மீட்டர் மட்டத்தில் இருப்பதால், கம்ப்யூட்டரிடம் '0க்கு மேற்படாத கட்டங்களுக்கெல்லாம் நீலம்' என்று ஒரே கட்டளை இட்டால், தென்பெண்ணை கடலிற் கலக்கும் கடலூர்ப் பக்கத்தில் படம் ஏறக்குறைய ஒழுங்காக வந்துவிடும்.

கடற்கரையிலும் இது எங்கும் செல்லாது. கேரளத்துக் குட்டநாட்டில் கடல் மட்டத்துக்குத் தாழ்ந்த வயல்களில் நெல் விளைகிறது. மேற்படி கட்டளை அவ்வயல்களையும் கடலாக்கிவிடும். மேட்டுநாட்டிலோ இக்கட்டளைக்கு வேலையே இல்லை. கெலவரப்பள்ளி அணையின் ஜலமட்டம் கடலுக்கு மேல் 800 மீட்டரையும் தாண்டியது. கிருஷ்ணகிரி அணையின் ஜலமட்டமோ அதைவிட நூற்றுக்கணக்கான மீட்டர் தாழ்ந்தது. 'இந்த மட்டத்துக்குக் கீழ் ஜலம், மேல் நிலம்' என்று ஓர் எண்ணைக் குறித்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஏனெனில் மேல் ஏரியின் ஜலம் கீழூர் மலையின் உச்சியைவிட உயர்ந்து நிற்கிறது.

இன்னொரு கணக்கும் பார்க்கலாம். ஜில்லாப் படம் ஒன்றில் உயரம் 300 முதல் 1,000 மீட்டர் வரை இருப்பதாகவும், அதை 10 நிறங்களாகப் பிரிப்பதாகவும் வைத்துக்கொண்டால், ஒரு நிறத்துக்கு 70 மீட்டர் ஆகிறது. ஏரியின் ஆழமோ 3 அல்லது 4 மீட்டர். ஏரியும், கரையும், கரையின்கீழ் வயலும் ஆக மூன்றும் ஒரே நிறத்தில் அமிழ்ந்துவிடும். நிறங்களை 20 ஆக்கினாலும் 30 ஆக்கினாலும் பயனில்லை. குறை நிறத்தின் எண்ணிக்கையில் இல்லை. உயரம் என்னும் ஒரே குணத்தைக்கொண்டு ஜலம் என்னும் வேறொரு குணத்தை அறிய முயல்வதே குறை. ஜலத்தின் எல்லை உயரப்படத்துக்குப் புறம்பான வேறொரு சாட்சியிடமிருந்து வரவேண்டும்.

ரேடாரும் காமிராவும் ஜலத்தைக் காணும் விதம்

அமைதியான ஜலப்பரப்பு ரேடாருக்குக் கண்ணாடி போன்றது. சாய்வாய் வந்து விழும் அலையை அது எதிர்ப்பக்கமாய்த் தள்ளிவிடுகிறது. அனுப்பிய இடத்துக்குத் திரும்பிவருவது அற்பம். ஆகையால் 2000ஆம் வருஷத்து மூல எண்களில் ஏரியிருந்த இடங்கள் வெற்றிடமாகவோ, மேடும் பள்ளமுமாய்த் தாறுமாறாகவோ இருந்தன. காமிரா முறையிலும் இடையூறு உண்டு. இரண்டு படங்களிலும் ஒரே புள்ளியை அடையாளங் கண்டால்தான் உயரங் கணிக்கலாம். கார்ட்டோசாட்டின் இரண்டு காமிராக்களும் ஓரிடத்தைப் பிடிப்பதற்குள் ஒரு நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவான நேரம் செல்கிறது. அதற்குள் அலையும் மினுக்கமும் மாறிவிடுகின்றன.

இதற்காக ரேடார் எண்களை வெளியிட்டவர்கள் ஒரு திருத்தம் செய்தார்கள். 600 மீட்டர் நீளத்துக்குக் குறையாத ஏரிகளையெல்லாம் ஒரே மட்டமாகச் சமப்படுத்தினார்கள். 183 மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆறுகளை மேலிருந்து கீழாகப் படிபோல் இறங்கும்படி செய்தார்கள். கடலுக்கு 0 வைத்தார்கள். கிருஷ்ணகிரி அணை போன்ற பெரும்பரப்பு இவ்விதியிற் சேரும். ஆனால் மேலே சொன்ன 10 ஏக்கர் ஏரி ஒரு பக்கம் 200 மீட்டர் அளவே இருக்கும், அது சேராது. கிராமத்து ஏரிகளிலும் குட்டைகளிலும் மிகுதியானவை இத்திருத்தத்துக்கு வெளியே நிற்கின்றன. ஒரு படத்தில் பெரிய ஏரி மழமழவென்று சமமாயும் சிற்றேரி கரடுமுரடாயும் இருக்கக் கண்டால், சிற்றேரியில் ஜலம் இல்லையென்று முடிவு செய்துவிடலாகாது.

வேறு ஒன்றும் கவனிக்கத்தக்கது. அவ்வெண்கள் 2000ஆம் வருஷத்துப் பிப்ரவரி மாதத்து நிலைமையைக் காட்டுவன. அதற்குப்பின் கட்டிய அணை அவற்றில் இராது. கோலார் ஜில்லாவில் மார்க்கண்டேய நதியின் குறுக்கே யர்கோளில் எழுந்த அணை இதற்கு உதாரணம். அந்த நதி வேப்பனப்பள்ளி வழியாய்த் தென்பெண்ணையிற் சேருவது. கீழ்நாட்டுக் குடியானவர் அந்த அணையை அறியாமல் தங்கள் நீர்வரத்தைக் கணக்கிட முடியாது. ஆகையால் படத்தை மாகாண எல்லையோடு வெட்டி நிறுத்தாமல், நீர்ப்பிடி முழுவதையும் சேர்த்தே எடுக்கவேண்டும்.

ஜலத்தின் எல்லையைத் தனியே எடுத்தல்

வேண்டிய வேறு சாட்சி செயற்கைக் கோளின் நிறப்படங்களிற் கிடைக்கிறது. ஐரோப்பியர் 2015ஆம் வருஷம் ஏவத் தொடங்கிய சென்டினல்-2 கோள்கள் 10 மீட்டர் கட்டத்தில், சுமார் 5 நாளுக்கொரு முறை ஒரே இடத்தைப் படம்பிடிக்கின்றன. இக்கட்டம் ஒன்று ஏறத்தாழ இரண்டரை சென்ட். இவையும் இனாமே.

ஜலம் பச்சைக் கதிரைச் சிறிது திருப்புகிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. உயிருள்ள பயிர் இதற்கு நேர்மாறாக அகச்சிவப்பை மிகுதியாய்த் திருப்புகிறது. 1996ஆம் வருஷம் மக்ஃபீட்டர்ஸ் என்பவர் இவ்வேற்றுமையை ஓர் எளிய வாய்பாடாக்கினார். பச்சையிலிருந்து அகச்சிவப்பைக் கழித்து, அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்கவேண்டும். விடை 0க்கு மேற்பட்டால் ஜலமென்றும், கீழ்ப்பட்டால் நிலமென்றும் கொள்ளலாம்.

விளங்குவதற்காகச் சில எண்களை வைத்துப் பார்ப்போம். ஏரிக் கட்டம் ஒன்று பச்சை 8, அகச்சிவப்பு 2 என்று இருந்தால், 6ஐ 10ஆல் வகுக்க 0.6 வருகிறது, அது ஜலம். நெல்வயல் ஒன்று பச்சை 6, அகச்சிவப்பு 34 என்று இருந்தால், விடை 0.7 குறைவெண் ஆகிறது, அது நிலம்.

கணக்கு இவ்வளவு சுலபமாயிருந்தால் நிறந்தீட்டும் வேலையும் ஒரு நாளில் முடிந்துவிடும். ஓசூரில் அப்படி முடிகிறதில்லை.

ஓசூர்ப் பக்கத்தில் விசேஷமாய் நேரும் தடுமாற்றங்கள்

முதலாவது, கூரைகள். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்டதுமுதல் ஓசூரைச் சுற்றித் தகரக் கூரைக் கொட்டகைகளும் சிமெண்டுத் தளங்களும் தார் ரஸ்தாக்களும் பெருகின. பாகலூர், பேரிகைப் பக்கங்களில் ரோஜாவும் காய்கறியும் வளர்க்கும் பசுமைக்குடில்கள் வேறு. கட்டடங்கள் மேற்படி வாய்பாட்டில் 0க்குச் சற்று மேற்பட்டு, ஜலம்போல் நடிப்பது எங்கும் அறிந்த குறை. கூரை ஒன்று பச்சை 20, அகச்சிவப்பு 18 என்றால் விடை சுமார் 0.05. சட்டப்படி அது ஏரி! இதை நிவர்த்திக்க 2006ஆம் வருஷம் சூ என்னும் சீன தேசத்து ஆராய்ச்சியாளர், அகச்சிவப்புக்குப் பதிலாக அதைவிட நீண்ட அலையுள்ள அகச்சிவப்புக் கதிரை வைத்துக் கணக்கிடும்படி சொன்னார். கூரை அக்கதிரை 25 அளவு திருப்புமானால் விடை 0.11 குறைவெண்ணாகி நிலத்தோடு சேர்ந்துவிடும். ஜலம் அக்கதிரையும் விழுங்குவதால் 8க்கு 1 என்று நின்று 0.78 ஆகும்; முன்னைவிடத் தெளிவே. தொழிற்சாலைகள் நிறைந்த ஓசூர்ப் பக்கத்துக்கு இவ்விரண்டாம் வாய்பாடே ஏற்றது. ஆனால் அந்த நீண்ட கதிருக்குச் சென்டினல்-2இன் கட்டம் 20 மீட்டர், அதாவது சுமார் 10 சென்ட் ஆகையால், சிறு குட்டைகளுக்குச் சற்று நுட்பம் குறையும்.

இரண்டாவது, ஆகாயத்தாமரை. ஏரி முழுவதும் அது மூடிக்கொண்டால், கோளின் கண்ணுக்கு அது செழித்த வயலே. எவ்வளவு நல்ல வாய்பாடும் அங்கே ஜலத்தைக் காணாது. மூன்றாவது, நுரை. பெங்களூர்ப் பக்கத்துச் சாக்கடைக் கழிவும் சோப்புச் சத்தும் கலந்து வருவதால் கெலவரப்பள்ளி அணையிலிருந்து ஜலம் திறக்கும்போது வெண்ணுரை மலைபோல் எழும்புவது பத்திரிகைகளிற் பலமுறை வெளியான விஷயம். வெண்ணுரை எல்லாக் கதிரையும் திருப்புவதால் மேகத்தோடும் சுண்ணாம்புத் தரையோடும் கலந்துபோகும். நான்காவது, மலைநிழல். சூளகிரிப் பக்கத்துப் பாறைக் குன்றுகளின் நிழல் மார்கழி, தை மாதங்களில் நீண்டு விழுந்து, இருண்ட ஜலம்போல் தோன்றும்.

இத்தடுமாற்றங்களில் நிழலைத் தீர்க்க உயரப்படமே கைகொடுக்கிறது. சரிவான இடத்தில் ஜலம் நிற்காதல்லவா? நிறப்படம் ஜலமென்று சொல்லும் கட்டம் உயரப்படத்திற் செங்குத்தாயிருந்தால் அதை நீக்கிவிடலாம். ஆகாயத்தாமரைக்கும் நுரைக்கும் ஒருநாட் படம் போதாது. பல வருஷத்துப் படங்களை அடுக்கிப் பார்க்கவேண்டும். ஐரோப்பியக் கூட்டு ஆராய்ச்சி நிலையத்தார் 1984 முதற்கொண்டு எடுத்த லாண்ட்சாட் படங்களையெல்லாம் சேர்த்து, உலகத்தில் ஒவ்வொரு 30 மீட்டர் கட்டத்திலும் நூற்றுக்கு எத்தனை தடவை ஜலம் காணப்பட்டது என்று கணித்து 2016ஆம் வருஷம் வெளியிட்டார்கள். ஆகாயத்தாமரை வருமுன் அவ்வேரி எவ்வளவு பரந்திருந்தது என்பது அதில் தெரியும்.

ஒருநாட் ஜலம் ஏரியின் எல்லை ஆகாது

இனிச் சொல்வதே முக்கியமானது. நிறந்தீட்டுகிறவன் ஒரு தேதியிற் கண்ட ஜலத்துக்கு மட்டும் நீலங் கொடுத்து, மற்றதையெல்லாம் நிலமென்று விட்டுவிட்டால், அப்படம் பிறருக்குத் தீங்கு செய்யக்கூடும். சித்திரை, வைகாசியில் எடுத்த படத்திலும், மழை பொய்த்த வருஷத்துப் படத்திலும் பாதி ஏரி தரையாயிருக்கும். அத்தரையைப் பழுப்பு நிறத்திற் காட்டிய காகிதம் மனை விற்பவன் கையில் அகப்பட்டால், 'இங்கே ஏரி ஏது?' என்று அவன் கேட்பான். கிருஷ்ணகிரி அணையிலேயே 2017 நவம்பர் 29ந் தேதி ஷட்டர் ஒன்று உடைந்து, தேங்கிய ஜலம் வெளியேறிற்று. அதற்கு முந்தின வாரத்துப் படத்தை எடுப்பவனும் பிந்தின மாதத்துப் படத்தை எடுப்பவனும் ஒரே அணைக்கு இரண்டு கரைகளை வரைவார்கள். உண்மைக் கரை இரண்டும் அல்ல.

2024 டிசம்பர் முதல் வாரத்தில் பெஞ்ஜல் புயலின் மிச்சம் உள்நாட்டில் நகர்ந்து வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஏரி நிரம்பி வழிந்து, ரஸ்தாவோரம் நின்ற வண்டிகளை ஜலம் இழுத்துச் சென்றது. வருஷக்கணக்காய் வறண்டு கிடந்த இடங்களும் ஓடைகளும் ஒரே இரவில் தங்கள் பழைய எல்லையைக் கேட்டு வாங்கிக்கொண்டன. தரையென்று நிறந்தீட்டிய இடத்தில் வீடு கட்டிக் குடியிருந்தவனுக்கு அப்படத்தை வரைந்தவன் என்ன சமாதானம் சொல்வான்?

ஆகையால் படத்தில் மூன்று கோடுகளைக் கலக்காமல் வைக்கவேண்டும். முதலாவது, சர்வே புலப்படத்திலும் கிராம அடங்கலிலும் ஏரிப் புறம்போக்கு என்று குறித்த எல்லை. இதுவே சட்டத்தின் எல்லை. 2007ஆம் வருஷத்து ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டப்படி ஏரியின் எல்லையை அளந்து நிர்ணயிப்பது அதிகாரம் பெற்ற உத்தியோகஸ்தர் வேலை, கோளின் வேலையன்று. இரண்டாவது, கலிங்கல் வழியத் தொடங்கும் நிறைமட்டக் கோடு. மூன்றாவது, குறித்த தேதியிற் கண்ட ஜலத்தின் விளிம்பு. முதற் கோடு மாறாதது. மூன்றாவது வாரந்தோறும் மாறுவது.

நிறங்களைத் தேர்ந்தெடுத்தல்

இவ்விஷயத்தில் இந்திய சர்வே இலாகாவின் பழைய படங்கள் நல்ல வழிகாட்டி. ஓசூர் அடங்கிய 57 ஹெச், கிருஷ்ணகிரி அடங்கிய 57 எல் என்னும் வரிசைப் படங்களில், வருஷமுழுவதும் ஜலமுள்ள இடம் நீலமாயும், வற்றும் ஓடை கறுப்புக் கோடாயும், சம உயரக் கோடுகள் பழுப்பாயும், சாகுபடி நிலம் மஞ்சளாயும், காடு பச்சையாயும் இருக்கும். வற்றுவதற்கும் வற்றாததற்கும் பேதங் காட்டிய அந்தப் புத்தி கம்ப்யூட்டர் படங்களிற் காணாமற் போனது வருந்தத்தக்கதே.

அதையே பின்பற்றி, 100க்கு 75 தடவைக்கு மேல் ஜலங் காணப்பட்ட கட்டத்துக்குக் கருநீலமும், 25 முதல் 75 வரை இளநீலமும், அதற்குக் குறைந்தும் ஏரி எல்லைக்குள் இருப்பதற்கு வெளிறிய நீலத்தின்மேற் சாய்கோடுகளும் கொடுக்கலாம். வறண்ட ஏரிப்படுகையை எக்காரணத்தாலும் நிலத்தின் நிறத்திற் காட்டலாகாது. நிலத்துக்கோ உயரப்படியின் நிறங்களை மங்கலாக வைப்பது நலம். அடியிற் பச்சையைத் தவிர்த்து, வெளிர்மஞ்சளிலிருந்து பழுப்புக்கு ஏறும்படி செய்தால், தாழ்ந்த நிலத்தைப் பயிரென்று எண்ணும் மயக்கம் நீங்கும். காவேரிப்பட்டணத்துப் பள்ளத்தாக்குப் பச்சையாயிருப்பது அது தாழ்ந்ததனாலேயே ஒழிய, அங்கே அன்று நெல் நின்றதனால் அன்று.

குன்றுகளுக்கு நிழல் தீட்டும்போது ஜலப்பரப்பின்மேல் அந்நிழல் விழாதபடி மறைத்துவிட வேண்டும். இல்லாவிடில் முன்சொன்ன கரடுமுரடு ஏரியில் அலைபோல் தெரியும். கியூஜிஐஎஸ் என்னும் இனாம் மென்பொருளில் உயரப்படத்தை அடியிலும், குன்று நிழலை அதன்மேலும், ஜலத்தை எல்லாவற்றுக்கும் மேலும் தனித்தனித் தாளாக அடுக்கினால் இது தானே கைகூடும். சிலர் ஜலக் கட்டங்களின் உயர எண்ணை அழித்து, அங்கே குறைவெண் 1 என்று எழுதி நீலமாக்குகிறார்கள். இது சோம்பேறி வழி. ஏரிச் சங்கிலியில் மேலேரியின் மட்டம் எவ்வளவு, அதன் கலிங்கல் ஜலம் விழும் கீழேரியின் மட்டம் எவ்வளவு என்பதே குடியானவனுக்கு வேண்டிய விஷயம். அவ்வெண்ணை அழித்துவிட்டு நீலத்தை மட்டும் வைத்துக்கொண்டு பயன் என்ன? நிறம் மேல்தாளில் இருக்கட்டும். எண் அடித்தாளில் இருக்கட்டும்.

சமப்படுத்திய ஏரியில் எல்லாக் கட்டங்களும் ஒரே உயரமாதலால், ஜலம் எப்பக்கம் வடியும் என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. கலிங்கலும் மதகும் இருக்குமிடத்தை நேரிற் பார்த்து வந்து குறித்துக் கொடுக்கவேண்டும். நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து பாரூர்ப் பெரிய ஏரிக்கு வாய்க்கால் வழியாய் ஜலம் செல்வதை எந்த உயரப்படமும் தானாகச் சொல்லாது. ஒரே மசியில் அச்சிடும் கிராமத்து நோட்டீசுகளுக்கு நீலம் கிடையாது. அங்கே நிறைந்த ஜலத்துக்கு நெருங்கிய படுக்கைக் கோடும், வற்றும் பரப்புக்கு விட்டுவிட்டு வரும் கோடும், வறண்ட படுகைக்குச் சாய்கோடும் போதும். படத்தின் மூலையில் ஜலங் கண்ட தேதியை அவசியம் எழுதவேண்டும்.

நீலத்தின் அடியிலுள்ள தரை

உயரப்படம் காட்டுவது ஜலத்தின் மேல்மட்டமே; அடித்தரையை அன்று. ஏரியில் எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கிறது, எத்தனை ஏக்கருக்குப் பாயும் என்னும் கேள்விக்கு அது விடை சொல்லாது. 2017 முதல் குடிமராமத்து வேலையில் பல ஏரிகளில் மண்ணெடுத்தார்கள். எடுக்குமுன் எவ்வளவு, எடுத்தபின் எவ்வளவு என்று அறியவேண்டுமானால் அடித்தரையின் வடிவம் வேண்டும்.

அதற்கு ஜலமே சாட்சியாகிறது. ஜலத்தின் விளிம்பு எங்கும் ஒரே மட்டம். ஆகவே ஒரு தேதியின் விளிம்பு ஏரிப்படுகையில் தானே வரைந்த சம உயரக் கோடாகும். ஏரி வற்றிவரும் மாதங்களில் 5 நாளுக்கொரு படமாக விளிம்புகளை எடுத்து, அதே தேதிகளில் மதகுத் தூணிலுள்ள அடிக்கணக்கைப் புத்தகத்தில் எழுதி வைத்தால், ஒவ்வொரு விளிம்புக்கும் உயரங் கிடைத்துவிடும். அணைகளின் வண்டலை அறிய மத்திய நீர் ஆணையத்தார் கையாளும் வழியும் இதுவே. கிருஷ்ணகிரி அணையில் 52 அடி, கெலவரப்பள்ளியில் 44.28 அடி என்று நிறைமட்டத்தை வைத்துத் தினந்தோறும் அளவு குறிக்கிறார்கள். கிராமத்து ஏரியில் அவ்வழக்கம் இல்லாதது ஒன்றே குறை. மதகுத் தூணில் வர்ணத்தால் அடிக்கோடு போட ஒரு காலைப்பொழுது போதும்.

கொள்ளளவுக் கணக்கு வருமாறு. 10 அடி மட்டத்தில் ஜலப்பரப்பு 100 ஏக்கர், 7 அடி மட்டத்தில் 64 ஏக்கர் என்று கொள்வோம். இரண்டையும் பெருக்க 6,400. அதன் வர்க்கமூலம் 80. 100, 64, 80 மூன்றையும் கூட்ட 244. இதை இடையுயரமாகிய 3 அடியாற் பெருக்கி 3ஆல் வகுக்க, 244 ஏக்கர்-அடி ஆகிறது. அதாவது சுமார் 1 கோடியே 6 லக்ஷம் கன அடி. இவ்வாறே 7 அடிக்கும் 4 அடிக்கும், 4 அடிக்கும் 1 அடிக்கும் கணக்கிட்டுக் கூட்டிவரலாம். அதே 10 அடிக்கும் 7 அடிக்கும் இடையே சில வருஷங் கழித்து 220 ஏக்கர்-அடி மட்டும் வந்தால், குறைந்த 24ம் வண்டல் கொண்ட இடம்.

ஆகாயத்தாமரை படர்ந்த விளிம்பை இக்கணக்கிற் சேர்க்கலாகாது. செடியை அகற்றியபின் வரும் படத்தையே எடுக்கவேண்டும். காற்று பலமாய் அடிக்கும் ஆடி மாதத்தைவிட மாசி, பங்குனியில் விளிம்பு தெளிவாய் விழும். கோடையிலும் வற்றாமல் நிற்கும் ஆழ்மடுவுக்குள் விளிம்பு இறங்குவதில்லை. அவ்விடத்தைப் பங்குனிக் கடைசியில் பரிசலிற் சென்று, அடிக்கணக்கு வெட்டிய மூங்கிற்கோலால் ஆழம் பார்த்து, அன்றைய மதகு அளவோடு சேர்த்துப் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.